சித்திக்கு ஒரு கடிதம்: டார்ப்பன் ஸ்பிரிங்ஸுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்

அன்புள்ள சித்தி,

நீங்களும் சித்தப்பாவும் நலமா? விசா வந்துவிட்டது, டிசம்பர் முதல் வாரத்துக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று என்று தங்கச்சி சொன்னாள். ரொம்ப சந்தோஷம். போன தடவை அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்து டாம்பாவுக்கு, தங்கச்சி வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிய பிறகு நீங்கள் போனில் சொன்னது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "ஏட்டி, ஆறு மாசம் இருந்தேன், ஊருன்னு ஒண்ணயும் பாக்கல. கடையைப் பாத்தேன், ரோட்டைப் பாத்தேன்." அப்போது நானும் டாம்பாவில்தான் இருந்தேன். உங்களை இந்த இடத்துக்குக் கூட்டிப்போகாமல் விட்டது என் தப்பு. இப்போது நான் ஒஹாயோவுக்கு வந்துவிட்டேன், தங்கச்சிக்கோ வேலை நெருக்கடி. அதனால் இதை எழுதுகிறேன். பிள்ளைகள் வீட்டில் ஆறு மாதம் இருக்க வரும் மற்ற அம்மா அப்பாக்களும் படிக்கட்டும் என்றுதான் வலைப்பூவில் போடுகிறேன்.

நீங்கள் கேட்ட ஊர் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. பெயர் டார்ப்பன் ஸ்பிரிங்ஸ். டாம்பாவுக்கு வடமேற்கே, மெக்ஸிகோ வளைகுடாவில் அங்க்லோட் என்ற ஆறு போய்ச் சேரும் இடம். அமெரிக்காவில் மொத்த ஜனத்தில் கிரேக்க வம்சாவளியினர் அதிக விகிதத்தில் வாழும் ஊர் இதுதான். அதற்குத் தொழில் இருக்கிறது, கோவில் இருக்கிறது, திருவிழா இருக்கிறது, காபிக்கடை வாசலில் உட்கார்ந்து கிரேக்கத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கும் தாத்தாக்கள் இருக்கிறார்கள். ஊர் என்று நாம் சொல்வது அதைத்தானே?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் முதல் தடவை போனபோது சாயங்காலம் நாலரைக்குப் போய்ச் சேர்ந்தேன். பாதிக் கடை சாத்துகிற நேரம். டி-ஷர்ட்டும் சோப்பும் தொங்கும் வரிசையைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று திரும்பிவிட்டேன். அந்தத் தெருவை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நீங்கள் காலையில் பத்து மணிக்கே அங்கே இருக்க வேண்டும். கடைக்குள் நுழைவதற்கு முன்னால் ஆற்றுத் துறைக்குப் போங்கள்.

துறையில் கட்டியிருக்கும் படகுகளில் சிலவற்றில் கயிறு கயிறாகக் கோத்து ஏதோ தொங்கும். தேன்கூடு போல, பழுப்பும் மஞ்சளுமாக. அதுதான் கடற்பஞ்சு. செடி மாதிரி இருந்தாலும் அது உயிர்ப்பிராணி, கடலடியில் பாறையைப் பிடித்துக்கொண்டு வாழ்வது. நாம் குளிக்கவும் துடைக்கவும் வைத்துக்கொள்வது அதன் எலும்புக்கூட்டை. கடலிலிருந்து எடுக்கும்போது கறுப்புத் தோல் போர்த்தி, வழவழவென்று இருக்கும். படகின் தளத்தில் ஈரச் சாக்கைப் போட்டு மூடி அழுக விட்டு, தட்டிச் சுரண்டி, அலசி, பிறகுதான் கயிற்றில் கோப்பார்கள். அந்த நாற்றம் எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டாம். தூத்துக்குடியில் சங்குச் சதை அழுகுகிற வாடைக்குப் பழகின மூக்கு உங்களுடையது.

இதைப் பார்த்தால் தாத்தா ஞாபகம் வரும் உங்களுக்கு. சங்கு கிட்டங்கியில் கணக்கு எழுதினவர் இந்த ஊரைப் பார்த்திருந்தால் ஒரு நாளில் கிளம்பியிருக்க மாட்டார். கிரேக்கர்கள் வருவதற்கு முன்பே இங்கே கடற்பஞ்சுத் தொழில் இருந்தது. 1890 வாக்கில் ஜான் செய்னி என்பவர் ஆரம்பித்தது. கறுப்பின மக்கள், பஹாமா தீவுக்காரர்கள் என்று பலர் சிறு படகில் நின்றபடி, கண்ணாடி அடி வைத்த வாளியைத் தண்ணீரில் அழுத்திக் கீழே பார்த்து, நீளக் கழியில் மாட்டிய கொக்கியால் பஞ்சைப் பிய்த்து எடுத்தார்கள். கழி எட்டும் ஆழம் வரைதான் தொழில். செய்னியிடம் வேலைக்கு வந்த ஜான் கோக்கோரிஸ் என்ற கிரேக்கருக்கு, தங்கள் பக்கத்தில் செம்புத் தலைக்கவசம் போட்டு ஆழத்தில் இறங்குகிற முறை தெரியும். 1905இல் அதை இங்கே கொண்டுவந்தார். அதற்கு ஆள் வேண்டுமே! கலிம்னோஸ், சிமி, ஹால்கி தீவுகளிலிருந்து நூற்றுக்கணக்கில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். மூன்றும் தொடெகனீஸ் தீவுகளைச் சேர்ந்தவை. தொடெகனீஸ் என்றால் கிரேக்கத்தில் 'பன்னிரண்டு தீவு'. துறையை ஒட்டிய பெரிய தெருவுக்கும் அதுதான் பெயர். பலகையைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்: அவர்கள் கிளம்பி வந்தபோது அந்தத் தீவுகள் கிரீஸ் நாட்டிலேயே இல்லை, துருக்கிய ஆட்சியில் இருந்தன. பிறகு இத்தாலியிடம் போய், 1947 ஒப்பந்தத்துக்கு அப்புறம்தான் கிரீஸோடு சேர்ந்தன. விட்டுவந்த ஊர் கிரீஸ் ஆவதற்கு முன்பே இவர்கள் இங்கே ஒரு கிரேக்க ஊரைக் கட்டிவிட்டார்கள்.

அதே 1947இல்தான் இங்கே பேரிடி விழுந்தது. கடலில் செந்நிறப் பாசி பெருகி, பஞ்சுப் படுகைகள் செத்துப்போயின. கொஞ்ச வருடம் முன்பு வந்த நோயிலிருந்தே தொழில் சரியாக எழுந்திருக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் தொழிற்சாலைப் பஞ்சும் சந்தைக்கு வந்துவிட்டது. பலர் வேறு வேலைக்குப் போனார்கள். 1980களில் புதிய படுகைகள் கண்ணில் பட்ட பிறகுதான் தொழில் மறுபடி மூச்சுவிட்டது. பழைய அளவு இல்லை, ஆனால் நிற்கவில்லை. அடியைக் கொஞ்சம் விட்டு வெட்டினால் பஞ்சு திரும்ப வளரும், அதனால் இன்றைக்கும் கத்தியால் அறுத்துத்தான் எடுக்கிறார்கள்.

துறையிலிருந்தே சுற்றுலாப் படகு கிளம்பும். அதில் கட்டாயம் ஏறுங்கள். ஆற்றுக்குள் கொஞ்ச தூரம் போனதும் ஒருவர் பழைய குளியுடையை மாட்டிக்காட்டுவார். ரப்பர் ஏற்றிய கித்தான் துணி, செம்புக் கவசம், மார்பில் ஈயக் கட்டி, காலில் ஈயம் வைத்த பூட்ஸ், எல்லாம் சேர்த்தால் 75 கிலோவுக்குக் குறையாது. கவசத்தைத் தோள்பட்டையில் வைத்துத் திருகி மூடும்போது முகம் கண்ணாடி வட்டத்துக்குள் போய்விடும். அந்த ஒரு நொடியைக் கவனியுங்கள். பிறகு அவர் இறங்கி, குமிழ்களுக்கு நடுவே ஒரு பஞ்சோடு ஏறிவருவார். சுற்றுலாக்காரர்களுக்காகச் செய்து காட்டுவதுதான். ஆனாலும் எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைத்தது. அந்தக் கனத்தை உடம்பில் ஏற்றிக்கொண்டு மணிக்கணக்கில் கடலடியில் நடந்தவர்களை நினைத்தால் வேறு எப்படி இருக்கும்?

ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி, கை கால் விளங்காமல் போகும். நம் ஊரில் கம்ப்ரஸர் போட்டுச் சங்கு குளிக்கிறவர்களுக்கும் இதே ஆபத்துதான். கலிம்னோஸ்காரர்கள் இந்த வலியை ஒரு நடனமாகவே ஆக்கிவைத்திருக்கிறார்கள். மிக்கானிகோஸ் என்று பெயர். வரிசையாகக் கை கோத்து ஆடும்போது முதல் ஆள் கையில் ஒரு தடி இருக்கும். அவர் கால் நடுங்கும், நிமிரப் பார்த்து முடியாமல் தடுமாறுவார். மற்றவர்கள் அடவு பிசகாமல் அவரைத் தாங்கிக்கொண்டே ஆடுவார்கள். விழாவிலோ கலைநிகழ்ச்சியிலோ இது இருக்கிறது என்று தெரிந்தால் நகராமல் நில்லுங்கள்.

படகிலிருந்து இறங்கியதும் இப்போது கடைக்குப் போகலாம். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, பஞ்சை நனைத்துக் காட்டச் சொல்லுங்கள். காய்ந்திருக்கும்போது தேங்காய் நார் மாதிரி விறைப்பாக இருப்பது, தண்ணீரில் போட்டு எடுத்தால் உள்ளங்கையில் இட்லி மாதிரி அமுங்கும். விட்டால் உடனே எழும்பிக்கொள்ளும். கம்பளி ரகம் என்று ஒன்று உண்டு, அதுதான் உசத்தி. மஞ்சள் ரகம், புல் ரகம், விரல் ரகம் எல்லாம் அதற்கு அடுத்துதான். பெரிதாக இருக்கிறதே என்று விரல் ரகத்தை எடுக்க வேண்டாம், அது அழகுக்கு வைப்பது. 1908இல் கட்டின ஏலக் கூடம் இப்போது இல்லை. அதன் பெயரில் கடைத்தொகுதி ஒன்று இருக்கிறது, அங்கே ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம்.

பசி எடுத்திருக்கும். சித்தப்பாவுக்குச் சுட்ட பேய்க்கணவாய் வாங்கிக்கொடுங்கள். எலுமிச்சை பிழிந்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, கரியின் வாசனையோடு வரும். நீங்கள் விரதம் என்றால் ஸ்பனாகோபிட்டா இருக்கிறது. காகிதம் போன்ற மாவடுக்குக்குள் கீரையும் ஃபெட்டா சீஸும் வைத்துச் சுட்டது. கிரீக் சாலட் கேட்டால் இலை, தக்காளி, ஆலிவுக்கு அடியில் உருளைக்கிழங்கு சாலட் ஒரு மேடாக ஒளிந்திருக்கும். கிரீஸில் இப்படிக் கிடையாது, இந்த ஊரின் பழக்கம். லூயிஸ் பாப்பாஸ் என்ற உணவகக்காரர் ஆரம்பித்து வைத்தது என்பார்கள். முதல் உலகப் போரில் ராணுவச் சமையலில் இருந்தவர் அவர். அப்புறம் ஹெல்லாஸ் பேக்கரிக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று எதை வாங்குவது என்று திணறுங்கள். காபி சின்னக் கோப்பையில் பொடியோடு வரும். பொடி அடியில் படியும் வரை பொறுத்து, கடைசி மிடறை விட்டுவிடுங்கள்.

சாப்பிட்டுவிட்டுக் காரில் ஊருக்குள் வாருங்கள். செயின்ட் நிக்கோலஸ் பேராலயம், 1943இல் கட்டியது. கடலோடிகளின் காவல் புனிதர் அவர், வேறு யார் பெயரை வைப்பார்கள்? 1939இல் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் கிரேக்க அரங்குக்கென்று கொண்டுவந்த பளிங்கு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. உள்ளே மெழுகுவர்த்தி வாங்கி மணல் தட்டில் செருகலாம். சும்மா உட்காரலாம். ஒருவரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் எனக்குப் பெரிய கோவிலைவிட மனசுக்கு நெருக்கமானது ஹோப் தெருவில் இருக்கும் சின்னக் கோவில். வீடுகளுக்கு நடுவே இருக்கிறது, கவனிக்காமல் போனால் தாண்டிவிடுவீர்கள். அதிதூதர் மிக்கேலுக்கு ஒரு தாய் கட்டியது. மகன் கடும் நோயில் கிடந்து பிழைத்ததற்கு நேர்த்திக்கடன். சிமி தீவில் மிக்கேலைப் பெரிதாகக் கும்பிடுவார்கள். உள்ளே படங்களும் விளக்குகளும், வேண்டுதல் நிறைவேறியவர்கள் வைத்துவிட்டுப் போன பொருள்களும் இருக்கும். உங்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படாது.

அங்கிருந்து ஸ்பிரிங் பாயூ பக்கம்தான். மேலே வீடுகளும் கீழே படிகளுமாக, குளம் மாதிரி அமைதியாக ஒரு நீர்நிலை. குளிர்காலத்தில் கடற்பசுக்கள் வெதுவெதுப்புக்காக உள்ளே வரும். நம் மன்னார் வளைகுடாவில் இருக்கும் கடற்பசு இனமான ஆவுளியாவுக்குச் சொந்தக்காரர்கள். இவற்றுக்கு வால் மட்டும் பிளவு இல்லாமல் தோசைத் திருப்பி மாதிரி வட்டமாக இருக்கும். சத்தம் போடாமல் பத்து நிமிடம் தண்ணீரையே பாருங்கள், மூக்கு மேலே வரும்.

இந்த இடத்துக்கு இன்னொரு நாளும் வர வேண்டும், அது ஜனவரி 6. இதற்காகவே உங்களை டிசம்பரில் வரச்சொன்னேன் என்று தங்கச்சியிடம் சொல்லுங்கள். இயேசு ஞானஸ்நானம் பெற்றதைக் கொண்டாடும் திருநாள். 1906 முதல் இங்கே நடக்கிறது. காலையில் பேராலயத்தில் வழிபாடு முடித்து, ஊர்வலமாக இங்கே வருவார்கள். வெள்ளை உடையில், செருப்பில்லாமல், 16 முதல் 18 வயதுப் பையன்கள் தண்ணீரில் குதித்து, அரைவட்டமாக நிறுத்தியிருக்கும் சிறு படகுகளுக்கு நீந்திப் போய் ஏறி நிற்பார்கள். ஒரு பெண்பிள்ளை புறாவைப் பறக்கவிடுவாள். ஆயர் வெள்ளைச் சிலுவையை வீசுவார். ஐம்பது பையன்கள் ஒரே நேரத்தில் பாய்வார்கள். சிலுவையோடு கை மேலே வரும்வரை அத்தனை கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். எடுத்தவனுக்கு அந்த வருடம் முழுக்க ஆசீர்வாதம். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கோவிலுக்குப் போவார்கள். பனிமய மாதா திருவிழாக் கூட்டத்தில் நின்றவர்கள் நீங்கள், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் தெருக்களை அடைத்துவிடுவார்கள். காலை எட்டரைக்கெல்லாம் வண்டியை நிறுத்திவிட்டு, மடக்கு நாற்காலியோடு படிக்கட்டுப் பக்கம் இடம் பிடியுங்கள். சுவெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாஃபோர்ட் வீடு, பழைய ரயில் நிலைய அருங்காட்சியகம் எல்லாம் நேரம் இருந்தால் பார்க்கலாம். அங்க்லோட் தீவுக்குப் படகில்தான் போக முடியும், 1887இல் கட்டிய கலங்கரை விளக்கம் அங்கே இருக்கிறது. சித்தப்பா முழங்காலுக்கு அது வேண்டாம். பொழுது சாய ஹோவர்ட் பூங்காவுக்குப் போகலாம். கடலுக்குள் ஒன்றரை கிலோமீட்டர் போல ஒரு சாலை நீண்டு, மணல் திட்டில் போய் முடியும். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலில் இந்தப் பக்கமெல்லாம் தண்ணீர் ஏறியது, துறைக் கடைகளுக்குள்ளும் புகுந்தது. அதனால் கடற்கரை திறந்திருக்கிறதா என்று போவதற்கு முன் தங்கச்சியை விசாரிக்கச் சொல்லுங்கள்.

சித்தி, எனக்கு ஒரு வேலை செய்யுங்கள். கம்பளி ரகத்தில் கைக்கு அடக்கமாக ஒன்று வாங்கி வையுங்கள். நனைத்து, அழுத்தி, திரும்ப எழும்புகிறதா என்று பார்த்து வாங்குங்கள். மார்ச்சில் நான் வரும்போது எடுத்துக்கொள்கிறேன். ஜனவரி 6 சாயங்காலம் போன் பண்ணுகிறேன், சிலுவை எடுத்த பையன் எப்படி இருந்தான் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்