கேஸ் அடுப்பில் பொங்கினால் பொங்கல் இல்லையா, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

நீ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பார்க்கத்தானே எழுதினாய், அதனால் நானும் நாலு பேர் பார்க்கவே பதில் எழுதுகிறேன். "கொழும்பில என்ன வருசம் அக்கா, முற்றமும் இல்லை அடுப்பும் இல்லை" என்று சித்திரை வருசப் பிறப்புக்கு ஊரிலிருந்து போட்டுவிட்டுக் கீழே ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தாய். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தரம் வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

சரி, நீ சொன்னதில் உள்ளதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருப்பவளுக்குச் சாணி மெழுக எங்கே இடம்? பல்கனியில் உடுப்புக் காயப்போடும் கம்பிக்குக் கீழே நாலு டைல்ஸ் அகலத்தில்தான் என்னுடைய கோலம். தேங்காயோடு தேங்காயை மோதவிடும் போர்த்தேங்காய் அடிக்க முடியாது, அடித்தால் கீழே நிற்கும் யாருடைய காரின் கண்ணாடியோ போகும். மறுநாள் நீங்கள் நாலைந்து வீடு சேர்ந்து பங்கு இறைச்சி போடுவீர்களே, அதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரியும். இவ்வளவும் சரி. ஆனால் நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாழைமரத்துக்கும் நிறைகுடத்துக்கும் பின்னால், குசினி வாசலில், ஒரு கேஸ் சிலிண்டர் குந்திக்கொண்டிருக்கிறது. முற்றத்தில் அடுப்பாக வைத்த அந்த மூன்று கல்லும் பொங்குவதற்கா, படத்துக்கா என்று நான் குழுவில் கேட்டேனா?

இந்த 2025 விசுவாவசு வருசம் நடுச்சாமம் கழிந்து பிறந்ததால் எங்கள் வீட்டில் இரண்டு நாள் முன்பே சண்டை தொடங்கிவிட்டது. அம்மா வாக்கிய பஞ்சாங்கம். அத்தானின் அம்மா, மாமி, திருக்கணிதம். வாக்கியத்தில் சங்கிரமம், அதாவது சூரியன் மேட ராசிக்குள் போகிற நேரம், இரண்டரை மணிக்குக் கிட்ட, திருக்கணிதத்தில் மூன்று மணி கழிந்து. முன்னோர் வாய்பாடாக எழுதிவைத்த கணக்கை ஏன் மாற்ற வேண்டும் என்று ஒருவர், வானத்தில் சூரியன் நிற்கிற இடத்தைப் பார்த்துத் திருத்தியதுதானே சரி என்று மற்றவர். இரண்டு பேருக்கும் எழுபது தாண்டிவிட்டது, இரண்டு பேருமே வானத்தைப் பார்ப்பதில்லை, கலண்டரைத்தான் பார்க்கிறார்கள். கடைசியில் அத்தான் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். முழுகுவதற்குரிய விஷு புண்ணிய காலம் என்பது சங்கிரமத்துக்கு முன் நாலு மணி நேரம், பின் நாலு மணி நேரம், மொத்தம் எட்டு. இரண்டு பஞ்சாங்கத்துக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. அப்படியென்றால் ஏழு மணி நேரத்துக்கு மேல் இரண்டுக்கும் பொது, அதற்குள் முழுகினால் இரண்டு பேருக்கும் சம்மதம்! முப்பது வருசக் கலியாணத்தில் அத்தான் செய்த மிகப் பெரிய காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

முழுகுமுன் தலையில் வைக்கிற மருத்துநீர் வாங்க 13ஆம் திகதி பின்னேரம் போத்தலோடு கோயிலுக்குப் போனேன். நீ நினைப்பதுபோலக் கொழும்பு அன்றைக்குச் செத்துக் கிடக்காது. ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் போன பிறகு காலி (Galle) வீதியைக் குறுக்கே கடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது, வருசத்தில் அப்படி நடப்பது ஓரிரு நாள்தான். அந்த வெறும் வீதியில் கையில் சோடாப் போத்தலும் தண்ணீர்ப் போத்தலுமாக நடக்கிறவர்களைப் பார்த்தால் யார் யார் மிஞ்சியிருக்கிறோம் என்று தெரிந்துவிடும். முகம் தெரியாதவர்கள்கூடச் சிரிப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா மூடியைத் திறந்து மணந்து பார்த்து, "திப்பிலி காணாது" என்றார். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, பால், கோரோசனை, மஞ்சள், மிளகு, சுக்கு என்று அவர் வரிசையாகச் சொல்லத் தொடங்கினால் ஐயரே வந்து திருத்திக்கொண்டு போகலாம். 2020இல் ஊரடங்கு, கோயில் பூட்டு, போத்தல் கொண்டுபோக இடமில்லை. அந்தச் சார்வரி வருசத்துக்கு அம்மா குசினியில் இருந்ததையும் கீழே பூச்சாடிப் பக்கம் முளைத்திருந்த அறுகையும் போட்டுத் தானே காய்ச்சி, எங்கள் தலையில் தானே வைத்தார். அன்றைக்குத் திப்பிலியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

ஆனால் தம்பி, நான் உனக்குச் சொல்ல நினைத்தது 2022ஐ. நீ அப்போது தொலைபேசியில் "எப்படிப் பொங்கினீர்கள்" என்று கேட்டாய், நான் "சமாளித்தோம்" என்று வைத்துவிட்டேன். கேஸ் இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணி நேரம் கரண்ட் போனது, சித்திரை வந்தபோதும் முழுதாகச் சீராகவில்லை, ஆகவே மின் அடுப்பையும் நம்ப முடியாது. காலிமுகத்திடலில் ஏப்ரல் 9ஆம் திகதி போராட்டத்துக்கு உட்கார்ந்தவர்கள் அங்கேயே கூடாரங்களுக்கு நடுவில் வருசம் கொண்டாடினார்கள் என்றால், நாங்கள் கார் நிறுத்தும் இடத்தில் கொண்டாடினோம். பக்கத்தில் கட்டுகிற வேலை நடந்த இடத்தில் செங்கல் கேட்டு எடுத்தோம், பெட்டிப் பலகையை அத்தான் உடைத்தார். மூன்று தமிழ் வீடு, ஐந்தாம் மாடிச் சிங்கள ஆன்ட்டி வீடு, நாலு பானை. அந்த வருசம் சங்கிரமம் காலையில். ஆன்ட்டி பத்திரிகையில் வெட்டிய சுபநேரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சிங்களவர்களுக்குப் புண்ணிய காலத்தின் முதல் பாதியில் அடுப்பு எரியக் கூடாது, வேலை ஒன்றும் தொடக்கூடாது, நோனகத்தே என்பார்கள். நாங்கள் மூட்டிவிட்டோம், அவர் கையைக் கட்டிக்கொண்டு எங்கள் நெருப்பைப் பார்த்தபடி நின்றார். பிறகு தன் நேரம் வந்ததும் எங்கள் அடுப்பிலிருந்து கொள்ளி எடுத்துத் தன் பானைக்கு மூட்டினார், பாற்சோற்றுக்கு. கிழக்கு எது என்று ஒரு குழப்பம் வந்தது. கடலுக்கு முதுகைக் காட்டு, அதுதான் கிழக்கு என்றார் அம்மா, பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி. புகை படிக்கட்டு வழியாக ஏறி எல்லா மாடிக்கும் போனது. ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை.

அந்தப் பொங்கல் கொஞ்சம் அடிப்பிடித்ததுதான். அதுவும் சொல்லவேண்டும்.

அதற்குப் பிறகு ஆன்ட்டி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரு கண்ணாடித் தட்டு ஏறி இறங்குகிறது. வெறும் தட்டாகத் திருப்பக் கூடாது என்பது இரண்டு பக்கத்துக்கும் ஒரே சட்டம். கொக்கிஸும் பலகாரமும் கோழிக்கூட்டு வாழைப்பழமுமாக வரும், பயத்தம் பணியாரமும் முறுக்குமாகப் போகும். அந்தத் தட்டு முதலில் யாருடையது என்று இப்போது எனக்குத் தெரியாது, ஆன்ட்டிக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

இந்த முறை விடியப்புறம் மூன்று மணிக்குப் பிறகு எல்லாப் பக்கமும் வெடி வெடித்தது. கீழ் மாடியில் புதிதாக வந்த குழந்தை வீரிட்டு அழுதது. நாங்கள் மருத்துநீர் வைத்து முழுகி, விடிந்த பிறகு கேஸ் அடுப்பில்தான் பொங்கினேன், ஆமாம். பச்சையரிசி, வறுத்த பயறு, சர்க்கரை, கஜு, பிளம்ஸ், தேங்காய்ப்பால். பால் எந்தப் பக்கம் வழிகிறது என்று அம்மா பார்த்தார், கிழக்குப் பக்கமே வழிந்தது. நான் அடுப்பைக் கொஞ்சம் சரித்து வைத்திருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது, இதை வாசித்துக் காட்டாதே. மத்தியானம் வாழையிலை, சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பூசணிக்காய், வடை, பாயாசம். நீ போன முறை அனுப்பிய வேப்பம்பூ வடகம் முடிந்துவிட்டது, அதற்குப் பதில் கடை அப்பளம். அம்மாவுக்கு முகம் சரியில்லை.

அப்புறம் கைவிசேஷம். இதைத்தான் எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். வெற்றிலையில் பாக்கும் நெல்லும் புது நூறு ரூபாய்த் தாளும் வைத்து எல்லோருக்கும் தந்த பிறகு, அம்மா ஒன்றைத் தனியாக எடுத்துக் கடித உறையில் போட்டு அலுமாரிக்குள் வைத்தார். சேலை எடுக்கப் போனபோது பார்த்தேன். ஆறு உறைகள். சார்வரி, பிலவ, சுபகிருது, சோபகிருது, குரோதி, விசுவாவசு என்று ஒவ்வொன்றிலும் அவருடைய கையெழுத்து. நீ வருசத்துக்கு இங்கே கடைசியாக வந்தது 2019இல்தான், விகாரி வருசம். நல்லூர்த் திருவிழாவுக்கு நான் வந்தபோது தந்துவிட்டிருக்கலாமே என்று கேட்டேன். "அது ஆள் கையால் வாங்கவேண்டியது" என்றார். முழங்காலை வைத்துக்கொண்டு இரவு முழுக்க பஸ்ஸில் அவரால் வர முடியாது என்று உனக்குத் தெரியும். அந்த வீட்டில் விளக்கு வைக்க நீ இருக்கவேண்டும் என்பது எனக்கும் தெரியும், அதைக் குறை சொல்லவில்லை. ஒரு வருசத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் சாவியைக் கொடுத்தால் விளக்கு அணைந்துவிடாது.

அடுத்தது பராபவ வருசம். சித்திரை நெருங்கினால் பஸ்ஸில் இடம் கிடைக்காது, மாசியிலேயே பதிந்துவிடு. வரும்போது வேப்பம்பூ வடகமும் கொஞ்சம் திப்பிலியும் கொண்டு வா.

அக்கா