ஒட்டுமொத்த டெல்டாவா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் தேர்தல் கட்டுரையில் 'டெல்டா ஒட்டுமொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். சாய்வதற்கு நாங்கள் என்ன, ஐப்பசி மழையில் மாட்டிய குறுவைக் கதிரா? என் வீட்டில் நான் ஒரு சின்னம், கணவர் ஒரு சின்னம். முப்பது வருஷமாக ஒருவர் ஓட்டை ஒருவர் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

இடத்தை மட்டும் எண்ணினால் இப்படித்தான் எழுத வரும். 1991 சட்டமன்றத் தேர்தலில் மாநிலம் முழுக்க நூற்றுக்கு 22 பேர் ஓட்டுப் போட்ட திமுகவுக்கு 2 இடம். 1996இல் 21 பேர் போட்ட அதிமுகவுக்கு 4. 2006 இன்னும் வேடிக்கை. அதிமுக 188 தொகுதியில் நின்று 32 சதவீதத்துக்கு மேல் வாங்கியது, கிடைத்தது 61. திமுக கூட்டணிக்கு விட்டுக்கொடுத்து 132இல் நின்று 26 சதவீதம் வாங்கியது, கிடைத்தது 96. ஆட்சி அவர்களுக்கு. 'மைனாரிட்டி அரசு' என்று ஜெயலலிதா அம்மையார் ஐந்து வருஷம் சொல்லிக்கொண்டிருந்தது உங்களுக்கா தெரியாது?

அந்த 2006இல் ஆற்றங்கரைப் பள்ளி ஒன்றில் நான்தான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். ஒரு கிழவி, உளுந்து பிடுங்கிக் காய்த்துப்போன விரல், மை சரியாக ஒட்டவில்லை. மறைப்புக்குள் போய் வெகுநேரம் நின்றார். பீப் என்று கேட்டதும் தலையை நீட்டி, "சத்தம் வந்துச்சா டீச்சர்? என் ஓட்டு உள்ள போயிடுச்சா?" என்றார். போயிடுச்சு பாட்டி என்றேன். ராத்திரி வண்டி வரும் வரை அந்த மெஷினுக்குப் பக்கத்தில் பெஞ்சில் சுருண்டு கிடந்தேன். அவர் போட்டவர் தோற்றிருந்தால், உங்கள் கணக்கில் அந்தப் பாட்டி ஓட்டே போடவில்லை!

எழுதத்தான் உங்களுக்கு விஷயமா இல்லை? எங்கள் வலங்கைமானுக்குப் பாடைக்காவடிதான் பேர், உயிரோடு இருப்பவரைப் பாடையில் கிடத்தித் தூக்கிவரும் நேர்த்திக்கடன். 2008 தொகுதி மறுசீரமைப்பில் வலங்கைமான் தொகுதிக்கே பாடை கட்டி நன்னிலத்தோடு சேர்த்தார்கள். குத்தாலமும் போனது. அன்று கடிதம் போட்டேன், பிரசுரிக்கவில்லை. சரி, இடமில்லையாக்கும். 2016இல் பணப் பட்டுவாடா என்று தஞ்சாவூர்த் தேர்தலை நவம்பருக்குத் தள்ளியபோது மட்டும் இடம் தாராளமாக இருந்தது. கொடுத்தவர் பேர் கட்டுரைக்குள் எங்குமில்லை, வாங்கிய ஊர் பேர் தலைப்பில்! அரவக்குறிச்சியும்தான் தள்ளிப்போனது. காவிரி ஓடும் ஊர் என்றால் உங்களுக்கு ஒரு இளப்பம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை முடிவுப் பட்டியல் போடும்போது, ஜெயித்தவர் பேருக்குப் பக்கத்தில் இரண்டாமிடத்துக்காரர் வாங்கிய ஓட்டையும் வித்தியாசத்தையும் சேர்த்துப் போடுங்கள். ராசிபலனுக்கு ஒன்றரைப் பக்கம் தருகிற பத்திரிகைக்கு இது முடியாததல்ல.

கூடவே, அதே கட்டுரையில் எங்கள் ஊர்ப் பேரை 'வலங்கமான்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். எந்தக் கட்சி மேல் கோபமோ, கையை எடுத்துவிட்டீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வலங்கைமான் வட்டம், திருவாரூர் மாவட்டம்.