கோவையின் புதுக் கட்டடங்களுக்கு அடியில் இருப்பது மில் நிலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையில் வரிசையாக எழும்பும் அலுவலகக் கட்டடங்களையும் வணிக வளாகங்களையும் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஐ.டி. கம்பெனிகள் வந்தன, அதனால் கட்டடங்கள் வந்தன என்று அதில் சொல்லியிருந்தது. அது பாதிதான். இருபத்தாறு வருஷமாக இந்த ஊரில் கட்டட காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவன் நான். மீதிப் பாதியையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஐ.டி. கம்பெனி வாடகைக்கு வருவது. அது வருவதற்கு முன்னால் இடம் வேண்டும், அதுவும் சேர்ந்தாற்போல் பெரிய இடமாக வேண்டும். கிராஸ்கட் ரோட்டிலோ ஒப்பணக்கார வீதியிலோ பத்து சென்ட் இடத்துக்கு நான்கு பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் துபாயில், ஒருவருக்குக் கோர்ட்டில் வழக்கு. தாய்ப் பத்திரம் தேடி, வில்லங்கம் பார்த்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவதற்குள் வருஷக்கணக்காகிவிடும். பழைய நூல் மில்களின் நிலம் அப்படி இல்லை. பல ஏக்கர், ஒரே உரிமையாளர், முன்னால் அகலமான மெயின் ரோடு. உயர் அழுத்த மின் இணைப்பும் பல இடங்களில் ஏற்கெனவே இருக்கும். மில்லை ஓட்ட இழுத்த மின்சாரம் அது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் இங்கே மில்கள் மளமளவென்று பெருகின. இன்று அதே நிலத்தில் ஏ.சி.யும் லிஃப்டும் ஓடுகின்றன.

அவினாசி ரோட்டில் லட்சுமி மில்ஸ் ஸ்டாப்பிங்கில் இறங்கிப் பார்த்தால் நான் சொல்வது புரியும். 1910-இல் தொடங்கிய மில் அது. அந்த வளாகத்தில்தான் 2023-இல் லூலு ஹைப்பர்மார்க்கெட் திறந்தார்கள்.

அப்புறம் சட்டம். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. எங்கள் தொழிலில் அதற்குப் பிறகு கணக்கே மாறிவிட்டது. சாதாரணக் கட்டடம் என்றால் எல்லாத் தளங்களையும் சேர்த்து நிலப் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். 18 மீட்டர் அகல ரோட்டில் உயரமான அடுக்குமாடி என்றால் 3.25 மடங்கு வரை போகலாம். ஒரே ஊரில் ஒரே அளவு நிலம், ரோட்டின் அகலம் மட்டும் வேறு, அதனால் கிடைக்கும் சதுர அடி வேறு. அகல ரோட்டில் பெரிய நிலம் வைத்திருந்தவர்கள் யார் என்று கேட்டால் மறுபடியும் மில்லுக்குத்தான் வந்து நிற்க வேண்டும். வரப்போகும் வாடகையை ஈடாக வைத்து வங்கி கடன் கொடுக்கிறது. அதனால் பெரிய கம்பெனி ஒன்று ஒப்பந்தம் போட்டாலே உரிமையாளருக்குப் பாதி பாரம் இறங்கிவிடும்.

அரசு நிலத்தில் எழுந்ததும் உண்டு. விளாங்குறிச்சியில் 2010-இல் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் வந்தது, 2024 நவம்பரில் மாநில அரசின் எல்காட் நிறுவனம் இன்னொரு ஐ.டி. கட்டடம் திறந்தது. சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் தோட்டங்களும் காலி நிலங்களும் கட்டடமாகின. ஊருக்குள்ளேயே இவ்வளவு இன்ஜினியரிங் கல்லூரிகள் இருப்பதும் கம்பெனிகள் வர ஒரு காரணம், மறுக்கவில்லை. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்ததும் அவினாசி ரோட்டில் இடம் விசாரிப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். மெட்ரோ ரயில் திட்ட அறிக்கை அடுத்த மாதமே டெல்லியிலிருந்து திரும்பி வந்தது. 2011 கணக்குப்படி மக்கள்தொகை 20 லட்சத்துக்குக் குறைவு என்றார்கள். பதினான்கு வருஷத்துக்கு முந்தைய கணக்கை வைத்து இந்த ஊரை அளப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஏன் மில்லைப் பற்றியே பேசுகிறேன் என்றால், என் அப்பா முப்பத்தொரு வருஷம் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தவர். மில் சங்கு ஊதினால் எங்கள் தெருவில் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. பின்னாளில், மூடிப் போன ஒரு மில்லின் குடோனை இடிக்கும் வேலை எனக்கே வந்தது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த சுவர். கடப்பாரை பட்டால் தெறித்துத் திரும்பும். கூரையைப் பிரித்தபோது கைமரத்து இடுக்குகளில் பஞ்சு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. மில் நின்று பன்னிரண்டு வருஷம் ஆகியும் அது உதிரவில்லை. அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். எந்த டிபார்ட்மென்ட் பக்கம் என்று மட்டும் கேட்டார்.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று தண்ணீர். கார் நிறுத்த இரண்டு அடுக்கு அடித்தளம் இல்லாமல் இப்போது பெரிய கட்டடம் கிடையாது. இருபது, இருபத்தைந்து அடி தோண்டினால் ஊற்று வந்துவிடுகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் நான் வேலை செய்த ஒரு சைட்டில் நான்கு மாதம் இரவு பகலாக மோட்டார் போட்டு அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டார்கள். அதே கேட் வழியாக கான்கிரீட்டுக்கு நனைப்பு கொடுக்க லாரித் தண்ணீர் காசு கொடுத்து உள்ளே வந்தது. ஒரு தொட்டி கட்டி அந்த ஊற்றுத் தண்ணீரைத் தேக்கினால் போதும் என்று நான் எழுதியே கொடுத்தேன். நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். சிறுவாணியையும் பில்லூரையும் நம்பி இருக்கிற ஊரில் இப்படிச் செய்யலாமா? அடித்தளம் தோண்ட அனுமதி கொடுக்கும்போதே, வெளியேற்றும் தண்ணீரை எங்கே சேர்ப்பார்கள் என்று மாநகராட்சி எழுதி வாங்க வேண்டும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். மத்திய அரசின் தேசிய பஞ்சாலைக் கழகத்துக்குச் சொந்தமான ஐந்து மில்கள் கோவையில் இருக்கின்றன: பங்கஜா, கம்போடியா, முருகன், ரங்கவிலாஸ், கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங். கடைசியாகச் சொன்னது 1888-இல் தொடங்கியது. இந்த ஊரின் மில்களுக்கெல்லாம் மூத்தது. 2020 மார்ச் ஊரடங்கில் நிறுத்திய மெஷின்கள் அதற்குப் பிறகு முழுமையாக ஓடவில்லை. ஓட்டுங்கள், சம்பள பாக்கியைக் கொடுங்கள் என்று தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த நிலங்கள் எல்லாம் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. மேலே சொன்ன எல்லாக் காரணங்களும், பெரிய நிலம், அகல ரோடு, ஒரே உரிமையாளர், அங்கேயும் பொருந்துகின்றன. இன்றில்லாவிட்டால் நாளை யாராவது கேட்டு வருவார்கள்.

எனக்கு அங்கே கட்டடமே கூடாது என்ற எண்ணம் இல்லை. என் பிழைப்பே கட்டடம்தான். ஆனால் அது மக்களின் நிலம். முதலில் தொழிலாளர்களின் பாக்கியைத் தீர்க்க வேண்டும். ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் வாடகை கட்ட முடியாமல் திணறும் சின்னப் பட்டறைக்காரர்களுக்குக் கொஞ்சம் இடம் ஒதுக்க வேண்டும். 1888-இன் சுவரில் ஒரு பகுதியாவது நிற்க வேண்டும். அந்த மாதிரிச் சுவரை இடித்தவன் என்பதால் இதை அழுத்தியே சொல்கிறேன்.

1994-க்குப் பிறகு கோவைக்கு இப்போதுதான் புதிய முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) வந்திருக்கிறது, 2041 வரைக்கும். அந்த வரைபடத்தில் இந்த ஐந்து மில் நிலங்களுக்கும் என்ன நிறம் தீட்டியிருக்கிறார்கள், தொழிற்சாலையா, வணிகமா, பொது உபயோகமா என்று தங்கள் நிருபர்கள் சர்வே எண்ணோடு எடுத்து ஒரு பக்கம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கட்டட ஒப்பந்ததாரர் ஒருவர்,
பீளமேடு, கோயம்புத்தூர் - 4