கண்டி அக்காவுக்கு: கமராவை வடமேற்குக்குத் திருப்பிவிட்டேன்

கொழும்பு, 13 டிசம்பர் 2023

அன்பின் அக்கா,

நாளை இரவு ஜெமினிட் எரிகல் மழையின் உச்சம். அமாவாசை இப்போதுதான் கழிந்தது, நிலாவின் தொல்லை துளியும் இல்லை. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று இன்று பின்னேரம் மொட்டை மாடிக்கு ஏறி, தாங்கியின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, எரிகல் பிடிக்கிற கமராவை வடகிழக்கில் இருந்து வடமேற்குக்குத் திருப்பிவிட்டேன். இனி அது குருநாகலுக்கு மேலே பார்க்காது.

உங்களைக் கேட்காமல் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும், நீங்கள் யாரைக் கேட்டுவிட்டு கண்டியில் இருந்த உங்கள் கமராவைக் கழற்றினீர்கள் என்ற கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. நம் இருவரையும் தெரிந்தவர்களும் இதை வாசிப்பார்கள். ஆகவே ஏன் போனீர்கள், அதற்கு முதல் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் இங்கே வராது. கமராவைப் பற்றி மட்டும் கதைப்போம்.

கொழும்பும் கண்டியும் நேர்கோட்டில் ஏறத்தாழ 95 கிலோமீற்றர். ஒரே எரிகல் இரண்டு கமராவிலும் விழ வேண்டும் என்று குருநாகலுக்கு மேலே 100 கி.மீ. உயரத்தில் ஒரு புள்ளியைப் பிடித்தோம். எனக்குத் திசைகோள் (வடக்கில் இருந்து கிழக்காக எண்ணுகிற கோணம்) 42, ஏற்றக் கோணம் (அடிவானத்தில் இருந்து மேலே) 50 பாகை. உங்களுக்கு வடமேற்கே 70 பாகை ஏற்றம். இரண்டு பார்வைக் கோடுகளும் அங்கே 45 பாகைக்குக் கிட்ட வெட்டும். நேர் நடுவில், கேகாலை மாவட்டத்துக்கு மேலே வைத்தால் சுலபம் என்று நான் நின்றேன். இரண்டு நிலையங்களையும் சேர்க்கும் கோட்டின் வழியே ஓடுகிற எரிகல்லுக்கு, ஒவ்வொரு நிலையமும் எரிகல்லின் பாதையும் சேர்ந்து அமைக்கிற இரண்டு தளங்களும் ஒன்றின் மேல் ஒன்று படிந்துவிடும், வெட்டுக்கோடே கிடைக்காது, கோட்டை விட்டு விலகிப் பார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நீங்கள் சொன்னதுதான் சரி. புதிய இடத்தைத் தெரிவு செய்யும்போதும் அதையேதான் செய்தேன்.

ஒற்றைக் கமராவுக்குத் தெரிவது கோணம் மட்டும். ஒரு செக்கனில் 15 பாகை ஓடியது என்று சொல்லும். 130 கி.மீ. தூரத்தில் 35 கி.மீ. வேகத்தில் ஓடியதா, அதில் பாதித் தூரத்தில் பாதி வேகத்தில் ஓடியதா என்று சொல்லாது. வந்த திசையைப் பார்த்து ஜெமினிட் என்று பெயர் போடலாம். உயரமோ சுற்றுப்பாதையோ எடுக்க ஏலாது. நீங்கள் போன நாள் முதல் என் கமரா பிடித்ததெல்லாம் அப்படிப் பாதியில் நிற்கிற பதிவுகள்தான்.

2022 மார்ச் 31 இரவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாடு முழுக்க 13 மணிநேர மின்வெட்டு அறிவித்த நாள், அமாவாசைக்கு முதல் இரவு. மிரிஹானையில் ஜனாதிபதியின் வீட்டுக்குக் கிட்ட ஆர்ப்பாட்டத்தில் அன்று என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி நாம் தொலைபேசியில் கதைத்தது இங்கே தேவையில்லை. நான் சொல்ல வந்தது வானத்தைப் பற்றி. கொழும்புக்கு மேலே எப்போதும் கிடக்கிற மஞ்சள் வெளிச்சம் இல்லாமல் போனது. மேகம் விலகின நேரத்தில், வழமையாக மென்பொருள் கண்டுபிடிக்கிற விண்மீன்களைவிடப் பல மடங்கு அந்தப் படத்தில் இருந்தன.

ஆனால் கமராவுக்கும் மின்சாரம் வேண்டுமே. என்னிடம் இருந்தது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரி. கணக்குக்கு 84 வாற்று-மணி. பற்றரி கெடாமல் இருக்கப் பாதிதான் எடுக்கலாம், 42. ராஸ்பெரி பை என்கிற சின்னக் கணினியும் கமராவும் சேர்ந்து 9 வாற்று குடித்தால் நாலரை மணி நேரம் சொச்சம். நீங்கள் த்ரீவீலர் பற்றரி ஒன்றை இரவல் வாங்கி மாட்டினீர்கள். மாற்றுகிற இடைவெளியில் உங்கள் பை அணைந்து திரும்ப எழும்பியது. அங்கேதான் சிக்கல். பை 4இல் நேரத்தைத் தாங்கி வைக்கிற கடிகாரம் கிடையாது. எழும்பியதும் இணையத்தில் இருந்து நேரத்தை எடுக்கும். இணையம் இல்லாவிட்டால் கடைசியாக எழுதி வைத்த நேரத்தில் இருந்தே எண்ணத் தொடங்கும். ரவுட்டரும் செத்துக் கிடந்த இரவில் உங்கள் கமரா முழுவதும் பொய் நேரத்தோடு ஓடியது. அந்த நேரம் பார்த்து அந்த எரிகல் வந்தது. மெதுவாக, துண்டு துண்டாக உடைந்தபடி.

விடிந்ததும் இரண்டு பதிவும் பொருந்தவில்லை என்று நான் கைவிட்டேன். நீங்கள் விடவில்லை. மிதுனத்தின் இரண்டு பெரிய விண்மீன்களான காஸ்டரும் பொலக்ஸும், உங்கள் கடிகாரத்தின்படி நிற்க வேண்டிய இடத்தில் இருந்து 12 பாகை மேற்கே தள்ளி நிற்பதைப் பார்த்தீர்கள். மணிக்கு 15 பாகை, ஆகவே கடிகாரம் 48 நிமிடத்துக்குக் கிட்டப் பின்னால். அதோடும் விடாமல், எந்தப் பிக்சல் வானத்தில் எந்த இடம் என்று சொல்கிற முதல் நாள் இரவின் அளவீட்டை எடுத்து, படத்தில் இருந்த அத்தனை விண்மீனையும் பட்டியலோடு பொருத்தி, பிழையை ஓரிரு செக்கனுக்குக் கொண்டுவந்தீர்கள். 6 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சல் இரண்டரைக் கலை (ஒரு பாகையில் 60 கலை), வானம் அதைக் கடக்க 10 செக்கன் எடுக்கும். ஒரு விண்மீனை மட்டும் வைத்து அந்தத் துல்லியம் வராது, நிறைய விண்மீனின் சராசரியில்தான் வரும். மிச்சத்தை இரண்டு கோட்டையும் ஒன்றோடு ஒன்று நகர்த்திப் பொருத்தி எடுத்தீர்கள். வேகம் செக்கனுக்கு 14 கி.மீ. அளவில் வந்தது. முன்னிரவில் வருபவை பூமியைப் பின்னால் இருந்து எட்டிப் பிடிக்க வேண்டும், அதனால்தான் இந்த மெத்தனம் என்று விளக்கினீர்கள். கைத்தொலைபேசியில் இருந்த கடைசிச் சார்ஜையும் அதற்கே செலவழித்தீர்கள். வானம் பார்க்கிற எத்தனையோ பேரோடு பழகியிருக்கிறேன், அப்படிப் பொறுமையாக உட்கார்ந்து ஒரு கோட்டைக் காப்பாற்றிய இன்னொரு ஆளைக் கண்டதில்லை.

அப்படிப்பட்ட ஆள்தான் ஒரு வார்த்தை சொல்லாமல் கமராவைக் கழற்றிவிட்டுப் போனது. காலையில் திறந்து பார்ப்பேன், பொருந்திய எரிகல் பூச்சியம். ஹந்தானையில் மூடுபனியாக்கும் என்பேன். கண்டியில் மேகம் நிற்கிற மாதங்கள் எல்லோருக்கும் தெரியும்தானே. கொழும்பு தெளிந்தால் கண்டி மூடும், கண்டி தெளிந்தால் இங்கே இடி முழங்கும். உண்மை வேறு ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது. அதை இன்னும் என்னால் விழுங்க ஏலவில்லை அக்கா. விமானம் ஏறினதைச் சொல்லாமல் விட்டதுகூடப் பரவாயில்லை. கமரா நின்றதைச் சொல்லியிருக்கலாம்.

சரி. புது ஒழுங்கைச் சொல்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள்.

புத்தளத்தில் ஒரு மாணவன், உயர்தரம் படிக்கிறான். தகப்பனின் கடைக்கு மேலே தட்டைக் கூரை. புத்தளம் எனக்கு ஏறத்தாழ நேர் வடக்கே, 120 கி.மீ. சொச்சம். சிலாபத்துக்கு மேற்கே, கடலுக்கு மேலே புள்ளியை வைத்தோம். எனக்குத் திசைகோள் 315, ஏற்றம் 48. அவனுக்கு 225, ஏற்றம் 50. வெட்டுக் கோணம் 55 பாகை வருகிறது. அந்த இடத்துக்குக் கீழே தெருவிளக்கே இல்லை. வலது ஓரத்தில் கொழும்புக் கோட்டைப் பக்கத்து வெளிச்சம் ஏறும், அதை மறைப்புப் படத்தில் (மென்பொருள் பார்க்கக் கூடாத இடங்களைக் காட்டுகிற படம்) கறுப்பாக அடித்துவிட்டேன். தென்மேற்குப் பருவம் முழுக்கப் புத்தளம் திறந்திருக்கக் கொழும்பு மூடிக் கிடக்கும், அந்த நட்டம் தவிர்க்க ஏலாதது. ஜனவரி முதல் மார்ச் வரை இரண்டு பக்கமும் வானம் கிடைக்கும்.

திருப்பும்போது திசைகாட்டியை நம்பவில்லை. தாங்கியின் இரும்பும் கூரைக் கொங்கிறீட்டுக் கம்பியும் முள்ளை இழுக்கும். இரவு எட்டரைக்குப் பெகாசஸ் சதுரமும் அண்ட்ரோமீடாவும் சட்டத்துக்குள் வருகின்றனவா என்று பார்த்துத்தான் போல்ட்டை இறுக்கினேன். கமரா அசைந்தால் பழைய அளவீடு செல்லாது. புதிதாக விண்மீன்களைக் குறிக்க வேண்டும், நடுவில் மட்டும் குறித்து மூலைகளை விட்டால் லென்ஸின் வளைவு மூலையில்தான் பழி வாங்கும். பழைய அளவீட்டுக் கோப்பை அழிக்கவில்லை. குருநாகல் வானத்தின் பதிவுகள் எல்லாம் அதோடுதான் கிடக்கின்றன.

பையனுக்கு 4 மி.மீ. லென்ஸ் வாங்கித் தரலாம் என்று சிலர் சொன்னார்கள், 90 பாகை அகலம் தெரியுமே என்று. நகரத்து வானத்துக்கு 6 மி.மீ.தான் என்று நான் அடித்துச் சொன்னேன். எஃப் எண் (குவியத்தூரத்தை லென்ஸ் வாயின் அகலத்தால் வகுத்தது) இரண்டு லென்ஸிலும் ஒரே அளவாக இருக்கும்வரை வானத்தின் வெளிச்சம் ஒரு பிக்சலுக்கு அதேயளவுதான் விழும். ஆனால் 6 மி.மீ. லென்ஸின் வாய் பெரிது, விண்மீனின் ஒளி 2.25 மடங்கு சேரும். 54க்கு 30 பாகை காணும். இது யாருடைய வாதம் என்று உங்களுக்குத் தெரியும்.

மற்ற அமைப்பெல்லாம் நம்முடையதுதான். ஐஎம்எக்ஸ்291 சென்சர், 1280க்கு 720, செக்கனுக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 40 மில்லிசெக்கனில் பூட்டு, தானியங்கி ஒளிச்சரிப்படுத்தல் நிறுத்தம், கறுப்பு வெள்ளை. அகச்சிவப்பு விளக்குகளின் வயரைப் பிடுங்கச் சொன்னேன். அவை எரிந்தால் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தியும் பல்லியும் வரும், பிறகு கண்ணாடி முன்னால் வலைதான். குவியத்தை நடு இரவில், பெட்டி ஆறின பிறகு, ஒரு விண்மீனில் பிடிக்க வேண்டும். பகல் சூட்டில் தூரத்துக் கோபுரத்தைப் பார்த்துப் பிடித்தால் இரவில் எல்லா விண்மீனும் ஊதிப் போய் நிற்கும். முன் கண்ணாடி தட்டையாக இருக்க வேண்டும், அரைக்கோள மூடி கோணத்தைக் கெடுக்கும். கேபிள் பெட்டியின் அடியால் நுழைய வேண்டும், நுழைய முதல் கீழே ஒரு வளைவு விட வேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் வயர் வழியே உள்ளே நடந்து வரும். உப்புக் காற்றுக்குக் கண்ணாடியைக் காய்ச்சி வடித்த தண்ணீரால் துடைக்க வேண்டும், குழாய்த் தண்ணீர் வெள்ளைப் படலம் விடும். என் மாடியில் காகம் கேபிளைக் கொத்தி உரிப்பதால் பீவீசீ குழாய்க்குள் போட்டிருக்கிறேன். பையனின் ராஸ்பெரி பைக்கு டிஎஸ்3231 கடிகாரத் தகடும் சிஆர்2032 பட்டன் பற்றரியும் முதல் நாளே போட்டாயிற்று. அந்த மார்ச் இரவு இல்லாவிட்டால் எனக்கு அது தோன்றியிருக்காது.

இரவுப் பதிவுகள் 256 ஃபிரேமுக்கு ஒரு கோப்பாகச் சுருங்குகின்றன, பத்துச் செக்கன் சொச்சம். அவற்றில் எரிகல் உள்ளவை மட்டும் காலையில் கனடாவுக்கு ஏறும். நீங்கள் இப்போது இருக்கிற அதே ஒன்ராறியோவில், லண்டன் நகரத்துப் பல்கலைக்கழகத்து சேர்வருக்கு. என் ஒவ்வோர் இரவும் உங்கள் பக்கத்து ஊரில்தான் வந்து இறங்குகிறது. நீங்கள் ஒரு தடவையாவது திறந்து பார்த்தீர்களா என்று கேட்க மாட்டேன்.

நாளை, ஜெமினிட் புறப்படுகிற மிதுனம் எட்டு மணியளவில் எழும்பும், இரண்டு மணியளவில் 64 பாகை ஏற்றத்தில் நிற்கும். புத்தளத்தில் வானிலை எப்படி என்று தெரியவில்லை, டிசம்பர் அங்கே மழை மாதம். பையன் கூரையில் படுக்கப் போவதாகச் சொன்னான். நுளம்பு வலை கொண்டு போ என்றேன்.

ஒரு வேலை இருக்கிறது. அவனுடைய லென்ஸ் இரவல். திரும்பக் கொடுக்க வேண்டும். உங்கள் 6 மி.மீ. எம்12 லென்ஸ் ஹந்தானை வீட்டு அலுமாரியில்தான் இருக்கிறதென்றால், அம்மாவிடம் ஒரு சொல் சொல்லி வையுங்கள். நானே ரயிலில் போய் எடுக்கிறேன். பூட்டு வளையம் தனியாக ஒரு சின்னப் பையில் போட்டிருப்பீர்கள், அதுவும் வேண்டும். 2022 மார்ச் மாதத்துப் பதிவுகள் இருக்கிற ஹார்ட் டிஸ்க்கும் அங்கே இருந்தால் அதையும் தரச் சொல்லுங்கள். அந்த எரிகல்லைப் புது மென்பொருளில் திரும்பக் கணக்கிட வேண்டும், உங்கள் பக்கத்துப் படங்கள் என்னிடம் இல்லை. தர விருப்பமில்லை என்றால் அதையாவது சொல்லிவிடுங்கள்.

தம்பி
வெள்ளவத்தை