போஜோவுக்கு நரை வேண்டுமாம்

ரங்கூன்

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் வந்து எத்தனையோ மாதம் ஆகிறது. திட்டுவதை மொத்தமாகத் திட்டிவிடு. முழங்கால் வலி அப்படியேதான். வீட்டுக்காரி காளி கோவிலுக்கு இன்னும் நடந்துதான் போகிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூலை 19, தியாகிகள் தினத்துக்கு நம் மண்டபத்தில் மாட்ட பர்மா விடுதலைத் தலைவர் போஜோ ஆங் சான் படம் ஒன்று கேட்டார்கள். போஜோ என்றால் தளபதி என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். கடைப் பலகை எழுதியே கிழவனானவனுக்கு எண்ணெய்ச் சாயத்தில் நாலடிப் படம்! சிரிக்காதே.

லண்டன் குளிருக்கென்று டில்லியில் நேரு கொடுத்ததாகச் சொல்வார்களே, அந்தப் பெரிய கோட்டோடுதான் வரைந்திருக்கிறேன். புகைப்படமோ கருப்பு வெள்ளை. மஞ்சள் காவியில் கொஞ்சம் கருப்பு, ஒரு துளி பச்சை சேர்த்துக் காக்கியைப் பிடித்தேன். மடிப்புகளெல்லாம் தானாக வந்து விழுந்தன. முகத்தில்தான் வம்பு.

செயலாளர் வந்து பார்த்தார். "தேசத்தின் தந்தை பொடியன் மாதிரி இருக்கிறாரே, காதோரம் கொஞ்சம் நரை போடுங்கள்" என்கிறார். பொருளாளருக்கு மார்பில் நாலு பதக்கம் வேண்டுமாம். டர்பன்டைன் டப்பாவை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்றிருந்தது.

1915இல் பிறந்தவர், 1947இல் இதே ஜூலை 19இல் போய்விட்டார். 32 வயது பங்காளி, உன் மூத்த பேரன் வயது! அவன் இன்னும் ஒரு வேலையில் நிலைக்கவில்லை என்று நீ புலம்புகிறாய். இவர் அதற்குள் படை திரட்டி, ஜப்பான்காரனோடு சேர்ந்து, பிறகு அவனையே எதிர்த்து, வெள்ளைக்காரன் பட்டாளத்தில் கொடுத்த பதவியை உதறிவிட்டு அரசியலுக்கு வந்து, பிரிட்டிஷ் பிரதமர் அட்லியிடம் சுதந்திர ஒப்பந்தமும் வாங்கியாயிற்று. நரைக்க எங்கே விட்டார்கள்? ஆறு மாதத்தில் சுதந்திரம். அதற்குள் செக்ரட்டேரியட்டில், கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவரைச் சுட்டுவிட்டார்கள். நரை போட்டால் நடந்த அநியாயத்தில் பாதியை நானே மறைத்த மாதிரி ஆகிவிடாதா?

அன்று அதே அறையில் செத்த அமைச்சர் ரசாக்கின் தகப்பனார் இந்திய முஸ்லிம். அந்தப் பெயரைச் சொன்னால் பொருளாளர் "யார் அவர்?" என்கிறார். ரசாக் படத்தைக் கூலி வாங்காமலே வரையப் போகிறேன். மாட்டுகிறார்களா பார்ப்போம்.

உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும். 1964இல் இங்கிருந்து கப்பல் ஏறும்போது உன் அம்மா முந்தானையில் முடிந்துகொண்டு வந்த ஒரு கியாட் நோட்டுக்குக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாயே, அதில் இருப்பவரும் போஜோதான். என்னிடம் உள்ள படங்களில் உதட்டோரம் தெளிவாக இல்லை. பேத்தியை விட்டுப் பெரிதாகப் படம் எடுத்து இந்த வாரமே அனுப்பு. கண்ணாடியில் உன் வழுக்கை விழாமல் எடுக்கச் சொல்.

உன்,
ஒல்லிப்பிச்சான்