ஆணையர் அவர்களுக்கு: சிலாப் தூக்க ஒரு கருவி கொடுங்கள்

மதிப்பிற்குரிய மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் தூர்வாரியபோது ஒரு தொழிலாளியின் இரண்டு விரல்கள் வடிகாலை மூடும் கான்கிரீட் சிலாப்புக்கு அடியில் சிக்கி நசுங்கின. தகவல் உங்கள் மேசைக்கு வந்திருக்கும். ‘கவனக்குறைவு’ என்று எழுதி வந்திருந்தாலும் நாங்கள் ஆச்சரியப்பட மாட்டோம். அது கவனக்குறைவு இல்லை.

அந்த சிலாப் மூன்றடிக்கு இரண்டடி, நாலு அங்குல கனம். ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறத்தாழ 2,400 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரு சிலாப்பே 136 கிலோவுக்கு வருகிறது. அதைத் தூக்க ஒப்பந்தக்காரர் கொடுத்தது இரண்டு கடப்பாரையும் ஒரு கயிறும். நாலு பேர் பிடித்தால் ஆளுக்கு 34 கிலோதானே என்று பொறியாளர் சொல்லக்கூடும். ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், மறுபக்கம் நிறுத்திய வண்டிகள். அங்கே நாலு பேர் எங்கே நிற்பது?

திறப்பதைக்கூட எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். இடுக்கில் கடப்பாரையை விட்டு நெம்பி, அடியில் ஒரு கல்லைச் சொருகி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகிறார்கள். மூடும்போதுதான் ஆபத்து. சிலாப் தன் இடத்தில் சரியாக உட்கார வேண்டும்; கடைசி ஓர் அங்குலத்தில் கடப்பாரைக்கு இடம் கிடையாது, உருவியதும் சிலாப் விழும். அதுவரை விளிம்பைப் பிடித்து நேராக்குகிறவர், அது விழுவதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். கையெல்லாம் சகதி. மேலேயிருந்து தொங்கவிட்டு இறக்கினால் அந்த இடத்தில் விரலுக்கு வேலையே இல்லை.

நாங்கள் கேட்பது அதைத்தான். வடிகால் சிலாப்புக்கு, மேலே நிறுத்தும் மூன்று கால் தாங்கியும், அதில் தொங்கவிட்டுச் சங்கிலியை இழுத்து எடையைத் தூக்கி இறக்கும் செயின் பிளாக்கும் வேண்டும். நடைபாதையில் பதிக்கிற இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு அங்குல சிலாப் 45 கிலோதான். அதற்கு இருவர் இரு பக்கமும் பிடிக்கிற இடுக்கிக் கருவி போதும், சிலாப்பின் எடை கீழே இழுக்க இழுக்கப் பிடி இறுகும். கிரானைட் கடைகளில் பலகையை உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் கைப்பிடி வைத்திருக்கிறார்கள். சொரசொரப்பான, மண் படிந்த கான்கிரீட்டில் அது சரியாக ஒட்டாது என்பதால் அதைக் கேட்கவில்லை. புது சிலாப் வார்க்கும்போதே, காலில் தட்டாதபடி குழிக்குள் அடங்கும் கொக்கியை வைத்து வார்க்கச் சொல்லுங்கள். பழைய சிலாப்பில் இருந்த கம்பி வளையமெல்லாம் சாலை போடப் போட தாருக்கு அடியில் போய்விட்டது.

தொழிலாளிக்குக் காயம்படும் வகையில் அதிக எடையைத் தூக்கவைக்கக் கூடாது என்று 1948-இலேயே தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. தெருவுக்குக் கூரை இல்லை, அதனால் அது தொழிற்சாலை இல்லை போலிருக்கிறது! ஓர் ஆண் தொழிலாளி சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்ட வேண்டாம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்தது. அதெல்லாம் ஜெனீவாவில். இங்கே ஊர்ப் பெயரை ஆளுயர எழுத்தில் நிறுத்தி விளக்குப் போட, செல்ஃபி எடுக்க மேடை கட்ட, நன்றாக இருக்கிற பேவர் பிளாக்கைப் பெயர்த்து வேறு நிறத்தில் பதிக்கப் பணம் இருக்கிறது. செயின் பிளாக் வாங்கத்தான் நிதி இல்லையா? நெம்பி நெம்பி மூலை உடைந்த சிலாப்புகளும், மூட முடியாமல் அரைகுறையாக விட்ட பள்ளங்களும் மழைத் தண்ணீரில் மறைந்துவிடும். அப்போது விழப்போவது நாங்கள்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். பணிவாகக் கேட்கிறோம்: தூர்வாரும் ஒவ்வொரு குழுவுக்கும் சிலாப் தூக்கும் கருவி கொடுங்கள். அடுத்த டெண்டரின் மதிப்பீட்டிலேயே அதைச் சேருங்கள்; கருவி இல்லாத ஒப்பந்தக்காரரை வேலையைத் தொடங்க விடாதீர்கள். வடகிழக்குப் பருவமழைக்குள் முடிந்தால் நல்லது. காயம்பட்டவரின் சிகிச்சைச் செலவையும், வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலியையும் யார் கொடுக்கிறார்கள் என்பதையும் தயவுசெய்து தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
வடிகாலை ஒட்டிக் குடியிருப்பவர்கள் சார்பில் ஒருவன்