நின்றால் நேரமும் நிற்கும்

ஆசிரியருக்கு,

வணக்கம். துப்பாக்கி விளையாட்டு என்றாலே முகம் சுளிக்கிற ஆள் நான். மகன் விடாப்பிடியாக 'சூப்பர்ஹாட்' என்ற கணினி விளையாட்டை ஆட வைத்தான். போலந்துக் குழு ஒன்று 2016-இல் வெளியிட்டது. 2013-இல், ஏழே நாளில் விளையாட்டு உருவாக்கும் போட்டி ஒன்றுக்குச் செய்த சின்ன முயற்சியிலிருந்து வளர்ந்தது.

அறை முழுக்க வெள்ளை. எதிராளிகள் மட்டும் கண்ணாடியில் வார்த்ததுபோல் சிவப்பு. கையில் எடுக்கக்கூடியவை கறுப்பு. நாம் நின்றால் நேரமும் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. தோட்டா சிவப்புக் கோடு இழுத்தபடி முகத்துக்கு நேரே தொங்குகிறது. யாரை முதலில் கவனிப்பது என்று ஆற அமர யோசிக்கலாம். துப்பாக்கி இல்லையா? மேஜையில் இருக்கும் புட்டியை வீசினால் எதிராளியின் துப்பாக்கி எகிறி வரும். அதை அந்தரத்திலேயே பிடித்துச் சுடலாம். சுடுவதைவிடக் கணக்குப் போடுவதுதான் அதிகம்! நம்மீது ஒரு குண்டு பட்டாலோ, அந்தக் கட்டம் மறுபடி முதலிலிருந்து.

கட்டம் முடிந்ததும் விளையாட்டின் பெயரையே திரும்பத் திரும்பக் கத்துகிறார்கள். அது மட்டும் எரிச்சல். சரி, சினிமா விமர்சனத்துக்கு இடம் தருகிறீர்களே, இதற்கும் ஓரமாக ஒரு பத்தி ஒதுக்கக்கூடாதா?

இப்படிக்கு,
ஒரு வாசகி